கம்பெனி கைமாறினால் ஈசாப் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.டி. நிறுவனங்களின் நிதிப் பிரிவில் உட்கார்ந்து ஈசாப் (கம்பெனியின் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை, அதாவது ஆப்ஷனை, ஊழியருக்குத் தரும் திட்டம்) பட்டியல்களைப் பராமரிப்பது என் வேலை. நான் இருந்த நிறுவனமே இரண்டு முறை விலைபோனது. முதல் தடவை பட்டியலில் என் பெயரும் இருந்தது. இரண்டாம் தடவை பட்டியலைத் தயாரித்ததே நான்தான். அந்த இரண்டு முறையும் கேன்டீனில் கேட்கப்பட்ட கேள்விகளையும், அப்புறம் நண்பர்கள் போனில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். இந்தியச் சட்டத்தையும் இந்திய வரியையும் வைத்துத்தான் பதில்.

எங்கள் கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டார். என் ஈசாப் அவ்வளவுதானா?

பெரும்பாலும் அப்படி இல்லை. ஆனால் 'என் ஈசாப்' என்று நீங்கள் சொல்வதற்குள் மூன்று வேறு சரக்கு இருக்கிறது. கொடுத்திருக்கிறார்கள், இன்னும் வெஸ்ட் ஆகவில்லை, அதாவது உங்களுடையதாக உறுதியாகும் தேதி வரவில்லை: இது வாக்குறுதி. வெஸ்ட் ஆகிவிட்டது, பணம் கட்டிப் பங்காக மாற்றவில்லை: இது உரிமை. பணம் கட்டி எக்சர்சைஸ் செய்து பங்கு உங்கள் பெயருக்கு வந்துவிட்டது: இப்போது நீங்கள் பங்குதாரர். கம்பெனி கைமாறும்போது மூன்றுக்கும் மூன்று தலையெழுத்து. எனவே யாரிடமும் கேள்வி கேட்பதற்கு முன், எத்தனை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெஸ்ட் ஆகிவிட்டால் அது என் பங்குதானே?

பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். டோக்கன் கையில் இருக்கிறது, கவுன்ட்டரில் பணம் கட்டிப் பொருளை வாங்கவில்லை. அவ்வளவுதான் அதன் நிலை. ஆப்ஷனுக்கு ஓட்டு கிடையாது, டிவிடெண்டு கிடையாது, பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பும் வராது. கடை கைமாறினால் புது முதலாளி பழைய டோக்கனை மதிப்பாரா என்பது டோக்கனின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்தப் பின்பக்கம் எங்கே இருக்கிறது? எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும்?

ஆப்ஷன் கொடுத்ததைச் சொல்லும் கிராண்ட் லெட்டர் இரண்டு பக்கம்தான் இருக்கும். எண்ணிக்கை, விலை, வெஸ்டிங் அட்டவணை எல்லாம் அதில் வரும். உண்மையான விஷயம் அது குறிப்பிடும் திட்ட ஆவணத்தில் இருக்கிறது. முப்பது நாற்பது பக்கம், யாரும் படிக்காத பி.டி.எஃப். அதைத் திறந்து 'சேஞ்ச் ஆஃப் கன்ட்ரோல்', 'கார்ப்பரேட் ஆக்‌ஷன்', 'லிக்விடிட்டி ஈவென்ட்' என்ற தலைப்புகளைத் தேடுங்கள். முதல் தடவை எனக்குக் கிடைத்த ஆவணத்தில் அது ஒரே பத்தி. கட்டுப்பாடு கைமாறும்போது ஆப்ஷன்களைத் தொடரலாம், மாற்றலாம், பணம் கொடுத்து முடிக்கலாம், எதுவும் கொடுக்காமலும் ரத்து செய்யலாம், அதெல்லாம் இயக்குநர் குழுவின் முழு விருப்பம் என்று எழுதியிருந்தது. ஆறு வருடம் அதன்மேல் உட்கார்ந்திருந்தும் நான் படிக்கவில்லை.

சட்டம் கொஞ்சம் காப்பாற்றுகிறது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 62-ஆம் பிரிவின் கீழ் பங்குதாரர்களின் தீர்மானத்தோடுதான் ஈசாப் கொடுக்க முடியும். அதன் விதிகளில் 12-ஆவது விதி, எக்சர்சைஸ் ஆகாத ஆப்ஷன்களின் நிபந்தனையை மாற்றலாம், ஆனால் ஊழியருக்குப் பாதகமாக மாற்றக்கூடாது என்கிறது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2021 விதிமுறைகளும் இதையே சொல்கின்றன. ஓட்டை எங்கே என்றால், ரத்து செய்யும் அதிகாரம் திட்டத்திலேயே முதல் நாளிலிருந்து எழுதப்பட்டிருந்தால், அதைப் பயன்படுத்துவது 'மாற்றம்' ஆகாது என்று கம்பெனி வாதிடும். என் அனுபவத்தில் அந்த வாதம் பலவீனமானது அல்ல.

வாங்குகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்?

அதிகம் நடப்பது வெஸ்ட் ஆனவற்றுக்குப் பணம். ஒப்பந்த விலையிலிருந்து, நீங்கள் பங்குக்குக் கட்ட வேண்டிய எக்சர்சைஸ் விலையைக் கழித்து, மீதியைச் சம்பளக் கணக்கு வழியாகவே அனுப்பிவிடுவார்கள். வாங்குகிற நிறுவனம் பெரியதாக, பட்டியலிட்டதாக இருந்தால் உங்கள் ஆப்ஷனுக்குப் பதில் அவர்களுடைய ஆப்ஷனோ, வெஸ்ட் ஆனதும் விலை கட்டாமலே பங்காக வரும் ஆர்.எஸ்.யு.வோ கொடுப்பார்கள். கம்பெனி தனி நிறுவனமாகவே தொடர்ந்து, முதலாளி மட்டும் மாறினால் திட்டம் அப்படியே ஓடலாம். 2018-இல் வால்மார்ட் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதம் அளவை வாங்கியபோது ஃபிளிப்கார்ட்டின் ஆப்ஷன்கள் செத்துப்போகவில்லை. பின்னாலும் அவை தொடர்ந்தன.

எக்சர்சைஸ் விலை ஒப்பந்த விலையைவிட அதிகமாக இருந்தால் மட்டும் பேச்சே இல்லை. 400 ரூபாய்க்கு வாங்கும் உரிமை இருக்கிறது, கம்பெனி 250-க்கு விலைபோகிறது என்றால் அந்த ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம். ரத்து செய்வார்கள், அதில் அநியாயம் எதுவும் இல்லை.

வெஸ்ட் ஆகாதவை?

இங்கேதான் மனசு உடைவது. கைமாறும்போது அவற்றை வெஸ்ட் ஆக்கியோ பணம் கொடுத்தோ ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் கிடையாது. வாங்குகிறவருக்கு ஆட்கள் வேண்டும் என்றால் தொடர்வார், வேண்டாம் என்றால் விடுவார்.

உலகமே பார்த்த உதாரணம் ட்விட்டர். 2022 அக்டோபர் 27 அன்று ஈலான் மஸ்க் பங்குக்கு 54.20 டாலர் வீதம் வாங்கி முடித்தார். வெஸ்ட் ஆகாத ஆர்.எஸ்.யு.க்கள் ஒவ்வொன்றும் 54.20 டாலர் ரொக்கத்துக்கான உரிமையாக மாறின. ஆனால் பழைய வெஸ்டிங் அட்டவணைப்படி, அந்தந்தத் தேதியில் வேலையில் இருந்தால்தான் பணம். விலை பூட்டப்பட்டுவிட்டது, தேதி பூட்டப்படவில்லை. அடுத்த வாரமே ஆட்குறைப்பு தொடங்கியது.

இதற்காகத்தான் சில ஒப்பந்தங்களில் துரித வெஸ்டிங் எழுதி வாங்குகிறார்கள். கம்பெனி கைமாறிய உடனே எல்லாம் வெஸ்ட் ஆவது ஒரு வகை. வாங்குகிறவர்களுக்கு இது பிடிக்காது, எல்லாரும் பணத்தை வாங்கிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடுவார்கள் என்று பயம். கைமாறிய பிறகு ஒரு வருடத்துக்குள் உங்களைக் காரணமின்றி நீக்கினால் மட்டும் மீதி வெஸ்ட் ஆவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கேட்டால் கிடைக்கக்கூடியது. இரண்டுமே பெரும்பாலும் நிறுவனர்களுக்கும் மேல்மட்டத்தாருக்கும் மட்டும் இருக்கிறது என்பது வேறு கதை.

புது கம்பெனி பதிலுக்குக் கொடுக்கும் ஆப்ஷனுக்கு மறுபடியும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா?

கொடுத்த நாளுக்கும் வெஸ்ட் ஆகும் நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு வருடம் என்பது விதிதான். ஆனால் இணைப்பின்போது பழைய ஆப்ஷனுக்குப் பதிலாகப் புதியது தந்தால், பழையதை வைத்திருந்த காலத்தை அந்த ஒரு வருடத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. அதற்கு மேல் அட்டவணையை நீட்டினால், அது வாங்குகிறவரின் பேரம்.

கம்பெனி 250 கோடிக்கு விற்றது என்று செய்தி. என் கணக்குப்படி பங்குக்கு 250 ரூபாய் வர வேண்டும். 100 ரூபாய்தான் என்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு வரும் போன்களில் அதிகம் இந்தக் கேள்விதான், எனவே கணக்காகவே போடுகிறேன்.

மொத்தம் 1 கோடி பங்கு. பாதி முதலீட்டாளர்களிடம், பாதி நிறுவனர்கள், ஊழியர்களிடம். முதலீட்டாளர்கள் போட்டது 200 கோடி. அவர்கள் வைத்திருப்பது சாதாரணப் பங்கு அல்ல, முன்னுரிமைப் பங்கு. விற்கும்போது போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதில் இருக்கிறது. 250 கோடி வந்ததும் 200 கோடி அந்தப் பக்கம் போய்விடும். மிச்சம் 50 கோடி, 50 லட்சம் பங்குக்கு. பங்குக்கு 100 ரூபாய். அதே கம்பெனி 600 கோடிக்குப் போயிருந்தால் முதலீட்டாளர்கள் முன்னுரிமையை விட்டுவிட்டுச் சாதாரணப் பங்காக மாற்றிக்கொண்டிருப்பார்கள். பாதிப் பங்குக்கு 300 கோடி கிடைக்கும்போது 200 கோடியோடு ஏன் நிற்க வேண்டும்? அப்போது எல்லாருக்கும் 600 ரூபாய்.

அதனால் 'கம்பெனி மதிப்பு இத்தனை கோடி' என்று ஆஃபர் லெட்டர் கொடுக்கும்போது எச்.ஆர். சொல்லும் கணக்கை நம்பி வீட்டுக்கடன் கணக்குப் போடாதீர்கள். கடைசி நிதிச் சுற்றின் விலை முன்னுரிமைப் பங்கின் விலை. உங்களுடையது சாதாரணப் பங்கு. கம்பெனி நன்றாக விலைபோனால் இரண்டும் ஒன்று, சுமாராகப் போனால் வேறுவேறு.

அந்த 100 ரூபாயும் ஒரே தவணையில் வராமல் போகலாம். பிற்பாடு ஏதாவது வழக்கோ வரிபாக்கியோ முளைத்தால் ஈடுகட்ட, விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோ கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து, செலவு போக மீதி வரும். ஊழியர்களின் பங்கிலும் இந்தப் பிடித்தம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் கம்பெனி பங்குச்சந்தையில் இருக்கிறது. ஓப்பன் ஆஃபர் அறிவித்திருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

ஒருவர் பட்டியலிட்ட நிறுவனத்தில் 25 சதவீத வாக்குரிமையையோ கட்டுப்பாட்டையோ பிடித்தால், மேலும் குறைந்தது 26 சதவீதத்தைப் பொதுப் பங்குதாரர்களிடமிருந்து வாங்க முன்வர வேண்டும் என்பது செபியின் 2011 விதி. இதுதான் ஓப்பன் ஆஃபர். 2019-இல் எல் அண்ட் டி, மைண்ட்ட்ரீ என்ற ஐ.டி. நிறுவனத்தைக் கைப்பற்றியபோது அதன் பெரிய பங்குதாரர் வி.ஜி. சித்தார்த்தாவிடமிருந்த ஏறத்தாழ 20 சதவீதத்தை 980 ரூபாய்க்கு வாங்கி, அதே விலையில் 31 சதவீதத்துக்கு ஓப்பன் ஆஃபர் கொடுத்தது. நம் ஊரில், 2024-இல் இந்தியா சிமென்ட்ஸை அல்ட்ராடெக் எடுத்தபோது ஆஃபர் விலை 390 ரூபாய்.

ஓப்பன் ஆஃபரில் கொடுக்க முடிவது பங்கை மட்டுமே. ஆப்ஷனைக் கொடுக்க முடியாது. கலந்துகொள்ள வேண்டுமானால் முதலில் எக்சர்சைஸ் செய்து, பங்கு உங்கள் டீமேட் (மின்னணுப் பங்குக்) கணக்குக்கு வந்திருக்க வேண்டும். ஒதுக்கீடு, சந்தையில் பட்டியலிடும் அனுமதி என்று அதற்குச் சில நாட்கள், சில இடங்களில் சில வாரங்கள் பிடிக்கும். ஆஃபர் திறந்திருப்பதோ 10 வேலை நாள். திறந்த பிறகு ஓடினால் பஸ் போய்விட்டிருக்கும்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்றும் பாருங்கள். 1,000 ஆப்ஷன், எக்சர்சைஸ் விலை 200, சந்தை விலை 380, ஆஃபர் 390 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குக் கட்ட 2 லட்சம். 180 ரூபாய் வித்தியாசம் சம்பளமாகக் கருதப்படும், அதாவது 1,80,000. 30 சதவீத வரம்பில் செஸ்ஸும் சேர்த்து 56,160 வரி. முதலில் 2,56,160 ரூபாய் வெளியே போக வேண்டும். எல்லாப் பங்கும் ஏற்கப்பட்டால் 3,90,000 திரும்பி வரும். ஆஃபருக்குத் தேவைக்கு மேல் பங்கு வந்து குவிந்தால் விகிதாசாரப்படிதான் எடுப்பார்கள், மீதி உங்களிடமே இருக்கும். அப்புறம் விலை எங்கே போகும் என்பது உங்கள் துணிச்சல்.

சந்தையில் 380-க்கு விற்பதற்கும் ஆஃபரில் 390-க்குக் கொடுப்பதற்கும் 10 ரூபாய்தான் வித்தியாசம் என்றால், எக்சர்சைஸ் செய்த கையோடு சந்தையிலேயே விற்றுவிடுவது எனக்கு நிம்மதியாகப் படுகிறது. ஆனால் விலையைப் பாதிக்கும் ரகசியத் தகவல் கையில் இருப்பவர்கள், நிதிப் பிரிவு ஆட்கள், இன்சைடர் டிரேடிங் விதிகளைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. நான் இரண்டாம் தடவை ஒன்றும் செய்ய முடியாமல் வேடிக்கைதான் பார்த்தேன்.

ஆஃபர் சமயத்தில் கம்பெனி எங்கள் வெஸ்டிங்கைத் துரிதப்படுத்திக் கொடுக்கலாமே?

நினைத்தபடி கொடுக்க முடியாது. ஓப்பன் ஆஃபர் காலத்தில் இலக்கு நிறுவனம் எதையெல்லாம் தானாகச் செய்யக்கூடாது என்று செபி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஊழியர் ஆப்ஷன்களின் வெஸ்டிங்கை முன்கூட்டுவதும் ஒன்று. செய்ய வேண்டுமானால் தபால் வாக்கெடுப்பில் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வாங்க வருகிறவரை விரட்ட, கம்பெனியின் செலவை ஒரே இரவில் ஏற்றிவிடும் தந்திரத்தைத் தடுக்கத்தான் இது. நல்ல எண்ணத்தில் கொடுக்க நினைப்பவருக்கும் அதே கதவுதான்.

இது வாங்கல் இல்லை, இணைப்பு என்கிறார்கள். வித்தியாசம் என்ன?

இணைப்பில் உங்கள் கம்பெனியே மறைந்து இன்னொன்றில் கரைகிறது. ஆப்ஷன்கள் பங்குப் பரிமாற்ற விகிதத்தில் மாறும். 2023 ஜூலை 1 அன்று வீட்டுக்கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி., எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தபோது 25 பங்குக்கு 42 பங்கு என்பது விகிதம். 2022-இல் மைண்ட்ட்ரீ, எல் அண்ட் டி-யின் இன்னொரு ஐ.டி. நிறுவனமான எல்.டி.ஐ.யோடு இணைந்தபோது 100-க்கு 73.

25-க்கு 42 என்ற விகிதத்தில் 250 ஆப்ஷனை, எக்சர்சைஸ் விலை 2,100 என்று வைத்து, மாற்றிப் பாருங்கள். எண்ணிக்கை 420 ஆகும், விலை 1,250 ஆகும். முன்பும் பின்பும் கட்ட வேண்டிய மொத்தம் 5,25,000-தான். எண்ணிக்கை கூடியதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், மைண்ட்ட்ரீ மாதிரி குறைந்ததைப் பார்த்து அழவும் வேண்டாம். இரண்டையும் பெருக்கிப் பார்த்து, மொத்தம் மாறவில்லை என்றால் சரி. மாறியிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள்.

கம்பெனியை விற்கவில்லை, 'பிசினஸை' மட்டும் விற்றார்கள் என்கிறார்கள். அப்படியென்றால்?

கவனம். ஸ்லம்ப் சேல் என்று சொல்லும் இந்த முறையில் வாடிக்கையாளர், மென்பொருள், ஆட்கள் எல்லாம் புது நிறுவனத்துக்குப் போய்விடும். உங்கள் ஆப்ஷன் பழைய நிறுவனத்தில் இருக்கும். நீங்கள் புது ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் நாள், பழைய நிறுவனத்தின் கணக்கில் ராஜினாமா நாள். வெஸ்ட் ஆகாதவை அன்றே போய்விடும். வெஸ்ட் ஆனவற்றை எக்சர்சைஸ் செய்யவும் குறுகிய கெடுதான். எக்சர்சைஸ் செய்தாலும், தொழில் போய்விட்ட ஒரு வெற்று நிறுவனத்தின் பங்கு கையில் இருக்கும். விற்ற பணத்தை அது பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்குமா என்று கேட்ட பிறகு முடிவெடுங்கள். குழுவை மட்டும் அள்ளிக்கொண்டு போகும் ஒப்பந்தங்களிலும் இதே கதைதான்.

வரி எப்படி?

இரண்டு இடத்தில் வரி. எக்சர்சைஸ் செய்யும் நாளில், அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளம். கம்பெனி டி.டி.எஸ். பிடிக்கும், அது கம்பெனி தரும் டி.டி.எஸ். சான்றிதழில் வரும். பட்டியலிடாத நிறுவனம் என்றால் மதிப்பை ஒரு மெர்ச்சன்ட் பேங்கர் சான்றளிக்க வேண்டும், அந்தச் சான்று 180 நாளைக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. பிற்பாடு பங்கை விற்கும்போது, விற்ற விலைக்கும் எக்சர்சைஸ் நாள் மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் மூலதன ஆதாயம். பட்டியலிடாத பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம்.

கம்பெனி கைமாறும்போது ஆப்ஷனுக்கு நேராகப் பணம் வாங்கினால் பெரும்பாலும் முழுத்தொகையையும் சம்பளமாகவே கணக்கிடுவார்கள். இது எவ்வளவு வித்தியாசம் என்று என் இரண்டு சகாக்களின் கணக்கை மாதிரியாக வைத்துச் சொல்கிறேன். இருவருக்கும் 2,400 ஆப்ஷன், எக்சர்சைஸ் விலை 10 ரூபாய், ஒப்பந்த விலை 900. முதலாமவர் மூன்று வருடம் முன்பே, மதிப்பு 150 இருந்தபோது எக்சர்சைஸ் செய்தார். அன்று 24,000 கட்டினார், 3,36,000-க்குச் சம்பள வரி 1,04,832. விற்றபோது ஆதாயம் 18 லட்சம், செஸ்ஸோடு 13 சதவீதம், 2,34,000. மொத்த வரி 3,38,832. இரண்டாமவர் கடைசி வரை ஆப்ஷனாகவே வைத்திருந்து பணம் வாங்கினார். 21,36,000-க்கு 31.2 சதவீதம், 6,66,432. சர்சார்ஜ் (அதிக வருமானத்துக்கான கூடுதல் வரி) வராத வருமானம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வித்தியாசம் 3,27,600.

முதலாமவர் புத்திசாலி என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் மூன்று வருடம் முன்னால், விற்கவே முடியாத ஒரு காகிதத்துக்காகக் கைப்பணம் 1,28,832 போட்டார். கம்பெனி மூடியிருந்தால் அது போனதுதான், கட்டிய சம்பள வரியும் திரும்பாது. அன்று நாங்கள் எல்லாரும் அவரைக் கேலி செய்தோம்.

அங்கீகாரம் பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் எக்சர்சைஸ் நாள் வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. ஆனால் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ அந்த வரி 14 நாளுக்குள் வந்து நிற்கும். கைமாறும்போது இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

பணம் வராமல் வாங்குகிறவரின் பங்கு வந்தால் வரி உண்டா?

தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்த இணைப்பில், இந்திய நிறுவனத்தின் பங்கு பதிலாக வந்தால் அப்போது ஆதாய வரி இல்லை. விற்கும்போதுதான். இணைப்பு அல்லாத சாதாரணப் பங்கு மாற்றம் என்றால் அது விற்பனை மாதிரிதான். கையில் பணமே வராமல் வரி மட்டும் ரொக்கமாகக் கட்ட வேண்டிய நிலை வரும். பேரத்தில் கொஞ்சம் ரொக்கம் சேர்த்துக் கேட்பது இதனால்தான்.

ஆப்ஷனின் மதிப்பு குறைந்ததற்கு 'இழப்பீடு' கொடுத்தால் அதற்கும் வரியா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2022 டிசம்பரில் ஃபிளிப்கார்ட்டிலிருந்து ஃபோன்பே தனியாகப் பிரிந்தது. ஃபிளிப்கார்ட் ஆப்ஷனின் மதிப்பு அந்த அளவு குறையும் என்பதால், வைத்திருந்தவர்களுக்கு ஆப்ஷனுக்கு 43.67 டாலர் வீதம் ஒருமுறைத் தொகை கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 70 கோடி டாலர். கம்பெனி அதைச் சம்பளமாக வைத்து டி.டி.எஸ். பிடித்தது. ஊழியர்கள் சிலர், நாங்கள் எக்சர்சைஸ் செய்யவே இல்லையே, ஆப்ஷனும் கையில்தானே இருக்கிறது, இது எப்படிச் சம்பளம் என்று வழக்குப் போட்டார்கள். 2024 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்று, இது வரிக்கு உட்படாத மூலதன வரவு என்றது. அதே வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இல்லை, வேலையின் மூலம் வந்த பயன்தான், வரி உண்டு என்றது. ஒரே கம்பெனி, ஒரே தொகை, இரண்டு ஊரில் இரண்டு தீர்ப்பு. இந்த மாதிரித் தொகை வந்தால் ஆடிட்டரிடம் போகாமல் ரிட்டர்ன் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடச் சொல்லி ஆவணம் வந்திருக்கிறது. இரண்டே நாள் கெடு. போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். இதில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் தடவை, வியாழன் இரவு ஒன்பதே முக்காலுக்கு எல்லாருக்கும் ஆப்ஷன் ரத்து ஒப்பந்தம் மெயிலில் போனது. சனிக்கிழமை மதியத்துக்குள் கையெழுத்து வேண்டும். டெஸ்டிங் குழுவிலிருந்த ஒரு பெண், மறுநாள் காலை சோழிங்கநல்லூர் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது போனிலேயே திறந்து பார்த்திருக்கிறார். அவர் கணக்கில் வெஸ்ட் ஆனது 1,150. ஆவணத்தில் 850. கையெழுத்துப் போடாமல் நேராக என் மேஜைக்கு வந்து, போர்ட்டலில் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். நான் மார்ச் 31 நிலவரப் பட்டியலை எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். அவருடைய கடைசி 300, மே 15-இல் வெஸ்ட் ஆகியிருந்தது. ஒப்பந்தம் முடிந்தது ஜூனில். தேடிப் பார்த்தால் இதே மாதிரி இன்னும் பதினாறு பேர். எல்லாருக்கும் திருத்தி அனுப்பினோம். அவர் மட்டும் அவசரத்தில் விரலால் கையெழுத்தைக் கீறியிருந்தால், 'இதற்கு மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வாசகத்துக்குக் கீழே அது பதிந்திருக்கும்.

அந்த வாசகம் எல்லா ஆவணத்திலும் இருக்கும். எண்ணிக்கை, ஒரு ஆப்ஷனுக்கு வரும் தொகை, எஸ்க்ரோ பிடித்தம், பணம் வரும் தேதி, இந்த நான்கையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனையும் நுழைந்திருக்கலாம். வேலையை விட்ட பிறகும் ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது, ஆனால் தொழிலின் நற்பெயரை விற்பவருக்கு அதில் விதிவிலக்கு உண்டு. பெரிய அளவில் பங்கு வைத்து விற்பவர்கள் வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

நான் எக்சர்சைஸ் செய்து பங்கு வைத்திருக்கிறேன். விற்க மாட்டேன் என்று சொல்லலாமா?

பட்டியலிடாத நிறுவனத்தில் கஷ்டம். பெரும்பான்மையினர் விற்றால் நீங்களும் அதே நிபந்தனையில் விற்றாக வேண்டும் என்ற 'டிராக்' நிபந்தனை ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் இருக்கிறது. எக்சர்சைஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோதே அதற்கும் சம்மதித்திருப்பீர்கள்.

ஒப்பந்தம் அறிவித்தாயிற்று, இன்னும் முடியவில்லை. இப்போது ராஜினாமா செய்தால்?

வெஸ்ட் ஆகாதவை போய்விடும். வெஸ்ட் ஆனவற்றுக்குத் திட்டத்தில் சொன்ன கெடு. அதற்குள் எக்சர்சைஸ் செய்யாவிட்டால் அதுவும் போகும். முடியும் தேதி நெருக்கத்தில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். அதற்காக ஒரு வருடம் காத்திருக்கவும் சொல்ல மாட்டேன், அறிவித்ததெல்லாம் முடிவதில்லை. 2021 ஆகஸ்ட் 31 அன்று, ஆன்லைன் கட்டண நிறுவனமான பில்டெஸ்க்கை 470 கோடி டாலருக்கு வாங்குவதாக பேயூ தரப்பு அறிவித்தது. போட்டி ஆணையத்தின் அனுமதிகூட வந்துவிட்டது. 2022 அக்டோபரில் ஒப்பந்தமே ரத்து. அந்த மாதிரி நேரத்தில், பணம் வரப்போகிறது என்று கடன் வாங்கி எக்சர்சைஸ் செய்தால், வட்டியும் கட்டிய வரியும்தான் மிச்சம்.

கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். இப்போது கம்பெனி விலைபோகிறது. எங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்தால், அதுவரை கொடுக்கப்பட்ட எல்லா ஆப்ஷன்களும், வெஸ்ட் ஆகாதவை உட்பட, வாரிசுக்கோ நியமனதாரருக்கோ வெஸ்ட் ஆகும் என்பது விதி. கம்பெனியின் தயவு இதில் எதுவுமில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு கம்பெனி செயலருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

வாங்கியது அமெரிக்க நிறுவனம். பதிலாக அவர்கள் பங்கு கிடைத்தது. வேறு ஏதாவது வேலை இருக்கிறதா?

ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையை, ஷெட்யூல் எஃப்.ஏ.வை நிரப்ப வேண்டும். ஒரு பங்கு இருந்தாலும், விற்காவிட்டாலும். அது ஜனவரி முதல் டிசம்பர் வரையான காலண்டர் வருடக் கணக்கு, நம் நிதியாண்டுக் கணக்கு அல்ல. நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள், அபராதமும் சின்னது அல்ல.

பழைய ஆபீஸ் மெயிலை மூடிவிட்டார்கள். கிராண்ட் லெட்டர் அதில்தான் இருந்தது. என்ன செய்வது?

ஈசாப் கொடுக்கும் நிறுவனம் எஸ்.எச்.-6 என்ற படிவத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை, எவ்வளவு வெஸ்ட் ஆனது, எவ்வளவு எக்சர்சைஸ் ஆனது என்று எல்லாம் அதில் இருக்கும். முதலாளி மாறினாலும் பதிவேடு கம்பெனியோடுதான் போகும். கம்பெனி செயலருக்கு ஒரு பதிவுத் தபாலும் ஒரு மெயிலும் அனுப்பி, அதில் உங்கள் பெயருக்கு உள்ள பதிவின் நகலைக் கேளுங்கள். ஊழியர் எண்ணையும் வேலையில் சேர்ந்த தேதியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஒரே பெயரில் நான்கு கார்த்திக் இருந்த பட்டியலை நான் பார்த்திருக்கிறேன்.